எந்த விளக்கு வாங்கலாம்?

மரைன் ஹில் ஒரு மேட்டுப் பகுதி. அந்தமானின் போர்ட் பிளேர் நகரில் இருக்கிறது. 2024 செப்டம்பரில் இந்த நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள்.

இங்கே மாலை சீக்கிரம் வந்துவிடும். டிசம்பர் மாதத்தில் 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதே நாளில் மதுரையில் சூரியன் மறைய 6 மணி ஆகும். ஏன் இந்த வேறுபாடு?

அந்தமான் தமிழ்நாட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. சென்னையிலிருந்து சுமார் 1200 கிலோமீட்டர் கடல் வழி. கிழக்கே இருப்பவர்களுக்குச் சூரியன் முன்னால் உதிக்கும். முன்னால் மறையும். ஆனால் கடிகாரம் மட்டும் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான்.

இதனால் என்ன ஆகிறது? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை பையைத் திறந்து உட்காரும்போதே இருட்டிவிடுகிறது. அடுப்படியில் வேலை தொடங்கும்போதே விளக்கு வேண்டும். இரவு 10 மணிக்குப் படுப்பவர்கள் வீட்டில் 5 மணி நேரம் விளக்கு எரிகிறது. மதுரையில் இருப்பவரைவிட ஒரு மணி நேரம் அதிகம்.

ஆகவே எந்த விளக்கு வாங்குவது என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல.

கரண்ட் எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் மின்சாரம் குறைந்தால் வேறு மாநிலத்திலிருந்து வாங்கலாம். நாடு முழுவதும் மின் கம்பிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அந்தமானுக்கு அந்த வசதி இல்லை. கடலைத் தாண்டி மின் கம்பி வரவில்லை. தீவுகளுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தீவுகளிலேயே தயாரிக்க வேண்டும்.

எப்படித் தயாரிக்கிறார்கள்? பெரும்பகுதி டீசலில்தான். சாத்தம் போன்ற மின் நிலையங்களில் பெரிய டீசல் என்ஜின்கள் ஓடுகின்றன. அந்த டீசல் கப்பலில் வருகிறது. 1 லிட்டர் டீசலை எரித்தால் மூன்றரை முதல் 4 யூனிட் மின்சாரம் கிடைக்கும்.

வேறு வழிகளும் உண்டு. வடக்கு அந்தமானில் கல்பொங் ஆற்றில் ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. 2001-ல் தொடங்கியது. அதன் திறன் 5.25 மெகாவாட். போர்ட் பிளேர் பகுதியில் சூரிய மின் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை அமைத்தது நம் நெய்வேலி நிறுவனம். நிலக்கரி தோண்டும் அதே நெய்வேலி நிறுவனம்தான். 2020-ல் அமைத்த அந்த நிலையத்தின் திறன் 20 மெகாவாட்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூரிய மின்சாரம் பகலில் கிடைக்கிறது. விளக்கு எரிவதோ இரவில். பேட்டரியில் கொஞ்சம் சேர்த்து வைக்கலாம். எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. மாலை 5 மணிக்கு எல்லா வீடுகளிலும் ஒன்றாக விளக்கு போடுகிறார்கள். அந்த நேரத்தில் டீசல் என்ஜின்கள்தான் கை கொடுக்க வேண்டும்.

ஆகவே அந்தமானில் விளக்கு என்றால் டீசல். தேவையில்லாமல் எரியும் ஒவ்வொரு பல்பும் கப்பலில் வந்த டீசலைக் குடிக்கிறது. இதைத் தயாரிக்க ஆகும் செலவு மக்கள் கட்டும் கட்டணத்தைவிடப் பல மடங்கு. மீதியை அரசு தாங்குகிறது. அரசுப் பணம் என்றால் எல்லோருடைய பணமும்தான்.

யூனிட் என்றால் என்ன?

பல்பின் மேல் 60 வாட், 9 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாட் என்பது அந்தப் பல்பு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதைச் சொல்கிறது.

1000 வாட் 1 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட்.

100 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட்.

10 வாட் பல்பு 100 மணி நேரம் எரிந்தால்தான் 1 யூனிட்.

மின்சாரத் துறையின் பில்லில் எழுதியிருப்பது இந்த யூனிட் கணக்குதான். உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். முதல் சில யூனிட்டுகளுக்கு விலை குறைவாக இருக்கும். அதற்கு மேல் போனால் ஒரு யூனிட்டின் விலை கூடும். ஆகவே கடைசியில் சேரும் யூனிட்டுகள்தான் அதிக விலை உள்ளவை. விளக்கில் மிச்சம் பிடித்தால் முதலில் குறைவது அந்த விலை கூடிய யூனிட்டுகள்தான்.

மூன்று வகை விளக்குகள்

முதல் வகை குண்டு பல்பு. இதன் உள்ளே மெல்லிய டங்ஸ்டன் கம்பி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது கம்பி பழுத்து ஒளி தருகிறது. 1879-ல் எடிசன் செய்து காட்டிய விளக்கின் வழி வந்தது இது. ஆனால் இது விளக்கு என்பதைவிட அடுப்பு என்பதே பொருத்தம். 100 பங்கு மின்சாரம் தின்றால் சுமார் 5 பங்குதான் வெளிச்சம். மற்றதெல்லாம் சூடு. எரிகிற குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சுமார் 1000 மணி நேரம் எரியும். பிறகு கம்பி அறுந்துவிடும்.

இரண்டாவது வகை டியூப் லைட். அதையே சுருட்டிச் சின்னதாகச் செய்ததுதான் சி.எஃப்.எல். பல்பு. இவற்றின் உள்ளே கொஞ்சம் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது கண்ணுக்குத் தெரியாத கதிரை வெளியிடும். கண்ணாடியின் உள்பக்கம் பூசிய வெள்ளைப் பொடி அந்தக் கதிரை வெளிச்சமாக மாற்றுகிறது. குண்டு பல்பைவிட இது நல்லது. ஆனால் பழைய டியூப் லைட்டின் சோக்கும் மின்சாரம் தின்னும். 40 வாட் டியூப் என்றால் சோக்கோடு சேர்த்து 50 வாட் ஆகிவிடும்.

மூன்றாவது வகை எல்.இ.டி. இதில் கம்பி இல்லை. பாதரசம் இல்லை. கடுகு போன்ற சின்னச் சில்லுகள் இருக்கின்றன. மின்சாரம் பாய்ந்தால் அந்தச் சில்லே ஒளி விடும். பழைய எல்.இ.டி. சில்லுகள் சிவப்பும் பச்சையுமாகத்தான் ஒளி தந்தன. வெள்ளை வெளிச்சத்துக்கு நீல ஒளி தேவைப்பட்டது. அந்த நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்தவர்கள் அகசாகி, அமானோ, நகமுரா. மூவரும் ஜப்பானில் பிறந்தவர்கள். அவர்களுக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான வெள்ளை எல்.இ.டி. பல்புகளின் உள்ளே இருப்பது நீலச் சில்லுதான். அதன் மேல் மஞ்சள் பூச்சு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது.

வாட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அபர்தீன் பஜாரில் ஒரு கடை. ஒரு அம்மா பல்பு வாங்க வருகிறார்.

"அண்ணே, 60 வாட் பல்பு ஒண்ணு குடுங்க."

"எல்.இ.டி. வாங்கிட்டுப் போம்மா. 9 வாட்."

"9 வாட்டா? அடுப்படியில மீனுக்கு முள்ளு எடுக்கணும்ணே. 9 வாட்டுல என்ன தெரியும்?"

இப்படிக் கேட்பவர்கள் நிறையப் பேர். வாட் அதிகம் என்றால் வெளிச்சம் அதிகம் என்பது குண்டு பல்பு காலத்துக் கணக்கு. இப்போது அது சரி வராது. வாட் என்பது தின்னும் தீனி. வெளிச்சத்துக்கு வேறு அளவு உண்டு. அதன் பெயர் லூமென். அதுவும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும்.

60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சம் சுமார் 700 லூமென்.

14 வாட் சி.எஃப்.எல். தருவது சுமார் 800 லூமென்.

9 வாட் எல்.இ.டி. தருவது 800 முதல் 900 லூமென்.

பார்த்தீர்களா? 9 வாட் எல்.இ.டி.தான் முன்னால் நிற்கிறது. ஒரு மாடு ஆறு கட்டுப் புல் தின்று ஒரு படி பால் கறக்கிறது. இன்னொரு மாடு ஒரு கட்டுப் புல் தின்று அதைவிடக் கூடக் கறக்கிறது. எந்த மாட்டை வாங்குவீர்கள்?

ஒரு வீட்டுக் கணக்கு

ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய விளக்குகள் உள்ள வீடு. ஒரு நாள் கணக்கு இது.

கூடத்தில் டியூப் லைட். சோக்கோடு 50 வாட். 5 மணி நேரம். 250.

அடுப்படியில் 60 வாட் பல்பு. 5 மணி நேரம். 300.

அறையில் 60 வாட் பல்பு. 3 மணி நேரம். 180.

வாசலில் 40 வாட் பல்பு. இரவெல்லாம் 10 மணி நேரம். 400.

குளியலறையில் 40 வாட் பல்பு. 1 மணி நேரம். 40.

கூட்டினால் 1170. இது 1 யூனிட்டுக்கு மேல். 30 நாளுக்குச் சுமார் 35 யூனிட்.

இதில் அதிகம் தின்றது எது? பெரிய கூடத்து விளக்கு அல்ல. யாரும் கவனிக்காத வாசல் பல்பு. வாட் குறைவுதான். ஆனால் இரவெல்லாம் எரிகிறது. வாட்டை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இப்போது அதே வீட்டில் எல்.இ.டி. போடுவோம்.

கூடத்தில் 20 வாட் எல்.இ.டி. பட்டை விளக்கு. 100.

அடுப்படியில் 9 வாட். 45.

அறையில் 9 வாட். 27.

வாசலில் 5 வாட். 50.

குளியலறையில் 5 வாட். 5.

கூட்டினால் 227. மாதத்துக்கு 7 யூனிட்டுக்கும் குறைவு.

35 யூனிட் எங்கே, 7 யூனிட் எங்கே! மாதம் 28 யூனிட் மிச்சம். ஒரு யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 140 ரூபாய். ஆண்டுக்கு 1680 ரூபாய். ஒரு பிள்ளைக்கு நோட்டுப் புத்தகமும் சீருடையும் வாங்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. 28 யூனிட் என்றால் மின் நிலையத்தில் குறைந்தது 7 லிட்டர் டீசல். ஒரு வீட்டில் ஒரு மாதத்தில் இவ்வளவு. ஒரு தெரு முழுவதும் மாற்றினால் எவ்வளவு?

போட்ட பணம் எப்போது திரும்பும்? அடுப்படிக்கு 100 ரூபாய் கொடுத்து ஒரு எல்.இ.டி. பல்பு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அது மாதம் ஏழரை யூனிட்டுக்கு மேல் மிச்சம் பிடிக்கும். பணத்தில் சுமார் 38 ரூபாய். மூன்று மாதத்தில் பல்பின் விலை கைக்கு வந்துவிடும்.

எல்.இ.டி. விலை முன்பு அதிகமாகத்தான் இருந்தது. 2014-ல் அரசு மொத்தமாக வாங்கியபோது ஒரு பல்பு 310 ரூபாய். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் தொடங்கியது. கோடிக்கணக்கில் வாங்கியதால் 2016-ல் அந்த விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் இந்தத் திட்டத்தில் மக்களிடம் போய்ச் சேர்ந்தன. அந்தமானிலும் கொடுத்தார்கள்.

எல்லாப் பல்பையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். கையில் பணம் இல்லை என்றால் அதிக நேரம் எரியும் விளக்கை முதலில் மாற்றுங்கள். அது மிச்சப்படுத்தும் பணத்தில் அடுத்ததை வாங்குங்கள்.

ஜீரோ வாட் ஜீரோ அல்ல

இரவில் படுக்கும்போது சின்னச் சிவப்பு பல்பு அல்லது நீல பல்பு போடுவார்கள். அதற்கு ஜீரோ வாட் என்று பெயர். பெயரை நம்பி அது கரண்ட் தின்னாது என்று நினைக்கிறார்கள். பழைய ஜீரோ வாட் பல்பு சுமார் 15 வாட் தின்னும். இரவு 8 மணி நேரம் எரிந்தால் மாதம் மூன்றரை யூனிட்டுக்கு மேல். எல்.இ.டி. இரவு விளக்கு அரை வாட்டில் எரியும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

எல்.இ.டி. என்று எழுதியதெல்லாம் நல்ல பல்பு அல்ல. மலிவாகக் கிடைக்கும் போலிப் பல்பு சில மாதத்தில் மங்கிவிடும். பெட்டியைக் கையில் வாங்கிப் படியுங்கள். படிக்கக் கற்றது இதற்கும்தான்.

1. லூமென் எவ்வளவு என்று பாருங்கள். லூமெனை வாட்டால் வகுங்கள். 900 லூமென், 9 வாட் என்றால் 100. இந்த எண் பெரிதாக இருந்தால் நல்ல பல்பு.

2. நட்சத்திரம் பாருங்கள். மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் இந்த நட்சத்திரங்களை வழங்குகிறது. எல்.இ.டி. பல்புக்கு 2018 முதல் இது கட்டாயம். ஒன்று முதல் ஐந்து வரை உண்டு. நட்சத்திரம் கூடினால் மிச்சமும் கூடும்.

3. இந்தியத் தரக் குறியைப் பாருங்கள். அதோடு ஆங்கில 'ஆர்' எழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

4. எத்தனை வோல்ட்டில் எரியும் என்று பாருங்கள். கரண்ட் கூடிக் குறையும் இடங்களில் இது முக்கியம். 100 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் பல்பு நல்லது.

5. வீட்டு ஹோல்டர் எந்த வகை என்று தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று இரண்டு பக்கமும் ஊசி நீட்டிய பின் வகை. மற்றொன்று திருகும் வகை.

6. பில் கேட்டு வாங்குங்கள். பெட்டியையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். உத்தரவாதக் காலத்துக்குள் பல்பு கெட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

எந்த இடத்துக்கு எந்த விளக்கு?

படிக்கும் இடம்: வெள்ளை வெளிச்சம் தெளிவாக இருக்கும். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது வெள்ளை. விளக்கு பிள்ளையின் இடது பக்கத்திலிருந்து வரட்டும். அப்போது எழுதும் கையின் நிழல் நோட்டில் விழாது. இடது கையால் எழுதும் பிள்ளைக்கு வலது பக்கம். வீடு முழுவதும் பெரிய விளக்கு போடுவதைவிட, படிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு வைப்பது சிக்கனம்.

அடுப்படி: சமைப்பவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் நிழல் சட்டியின் மேல் விழும். முன்பக்கம் அல்லது தலைக்கு மேல் இருக்கட்டும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். அது 80-க்கு மேல் இருந்தால் பொருளின் நிறம் சரியாகத் தெரியும். மீனின் செவுள் சிவப்பா கறுப்பா என்று பார்க்க இது உதவும்.

படுக்கும் அறை: மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு இதம். 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும்.

வாசல்: மரைன் ஹில்லில் கடல் காற்று உப்போடு வரும். மழைக்காலமும் நீளம். ஹோல்டரில் துரு ஏறும். ஈரம் உள்ளே போனால் பல்பு கெட்டுவிடும். வெளியே போடும் விளக்கில் ஐ.பி. 65 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் தூசியும் மழைத் தண்ணீரும் புகாது.

காற்றே இல்லாத மூடிய கூண்டுக்குள் சாதாரண எல்.இ.டி. பல்பைப் போட வேண்டாம். சூடு தங்கினால் அதன் ஆயுள் குறையும்.

பழைய டியூப் லைட் சட்டத்தில் எல்.இ.டி. குழாயை நீங்களே மாட்ட வேண்டாம். சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்ற வேண்டியிருக்கும். வயர்மேனைக் கூப்பிடுங்கள். பல்பு மாற்றும்போதும் சுவிட்சை அணைத்துவிட்டு, ஈரம் இல்லாத கையோடு தொடுங்கள்.

காசில்லாத வெளிச்சம்

எந்த விளக்கும் சூரியனுக்கு ஈடாகாது. மரைன் ஹில்லிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இங்குள்ள பே ஐலண்ட் ஓட்டலை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. இந்தியாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். 1979 முதல் 1982 வரையான காலத்தில் உருவான கட்டடம் அது. மேட்டின் சரிவிலேயே படிப்படியாகக் கட்டினார். கடலைப் பார்த்துத் திறந்த தளங்களை அமைத்தார். வெளிச்சமும் காற்றும் தாமாக உள்ளே வரும்.

சாதாரண வீட்டிலும் இந்த யோசனை செல்லும். அந்தமானில் ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கே விடிந்துவிடும். மாலையில் இழந்த வெளிச்சம் காலையில் கிடைக்கிறது. சன்னலைத் திறந்து வையுங்கள். சுவருக்கு வெள்ளை அடியுங்கள். இருண்ட சுவர் வெளிச்சத்தை விழுங்கும். வெள்ளைச் சுவர் திருப்பித் தரும். பல்பின் மேல் படியும் தூசியை மாதம் ஒரு முறை துடையுங்கள். பிள்ளைகள் விடியற்காலையில் சன்னல் ஓரம் படிக்கலாம்.

பழைய விளக்கை எங்கே போடுவது?

டியூப் லைட்டிலும் சி.எஃப்.எல். பல்பிலும் பாதரசம் இருக்கிறது. அது நஞ்சு. தீவில் எறியும் குப்பை மழையோடு கடலுக்குப் போகும். கடலில் மீன் இருக்கிறது. மீன் மறுபடி சட்டிக்கு வருகிறது. ஆகவே இவற்றை உடைக்காமல் தனியாகக் கட்டி, மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

உடைந்துவிட்டால் சன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்கள். துண்டுகளை வெறும் கையால் எடுக்க வேண்டாம். துடைப்பத்தால் பெருக்கவும் வேண்டாம். இரண்டு அட்டைகளால் அள்ளி, ஈரத் துணியால் துடைத்து, பையில் போட்டுக் கட்டுங்கள்.

பாதரசத்தைக் குறைப்பதற்கென்றே மினமாட்டா ஒப்பந்தம் இருக்கிறது. அதில் சேர்ந்த நாடுகள் 2023-ல் ஒரு முடிவு எடுத்தன. 2027-க்குள் பாதரச டியூப் லைட் தயாரிப்பதை நிறுத்த வேண்டும் என்பதே அந்த முடிவு.

நினைவில் வையுங்கள்

வாட் என்பது தீனி. லூமென் என்பது வெளிச்சம்.

அதிக நேரம் எரியும் விளக்கை முதலில் மாற்றுங்கள்.

பெட்டியைப் படிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஆளில்லாத அறையில் எந்த விளக்கும் வேண்டாம். எல்.இ.டி.யும் வேண்டாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் எத்தனை விளக்குகள் இருக்கின்றன? ஒவ்வொன்றின் வாட்டையும், எரியும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

2. இரண்டையும் பெருக்கிக் கூட்டுங்கள். 30 நாளுக்கு எத்தனை யூனிட்?

3. அதிகம் தின்னும் விளக்கு எது? அதை மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்?

4. உங்கள் தெருவில் பகலிலும் எரியும் விளக்கு இருக்கிறதா? அதை அணைக்க யாரிடம் சொல்ல வேண்டும்? குழுவில் பேசி முடிவு செய்யுங்கள்.